அக்ஸியோவின் எயார் ஃப்ளோ சென்சர்: கழுவினால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

கல்லடி டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2007 ஆம் ஆண்டு டொயோட்டா அக்ஸியோ, 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், ஓட்டோ கியர். வீடு மட்டக்களப்பு கல்லடியில். படிப்பிப்பது கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால் ஒரு பள்ளிக்கூடத்தில். ஆரையம்பதி போய் மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்கு இறங்கினால் கொக்கட்டிச்சோலை மட்டும் நல்ல றோட்டு, அதற்குப் பிறகு கிரவல். இப்போது வெள்ளாமை வெட்டும் காலம் என்பதால் முன்னால் ஒரு மெசினோ நெல் ஏற்றிய டிரெக்டரோ போனால் கண்ணாடி தெரியாத தூசு.

பிரச்சினை இதுதான். ஏசி போட்டபடி எங்காவது நின்றால் எஞ்சின் நடுங்குகிறது, சிலநேரம் அப்படியே நின்றுவிடுகிறது. காலை மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கிறது. பெற்றோலும் முன்னைவிடக் கூடக் குடிக்கிறது. போன கிழமை செக் எஞ்சின் லைட் வந்தது. தம்பியிடம் இருக்கும் புளூடூத் ஸ்கானரைப் போட்டுப் பார்த்தோம், பி0171 என்று காட்டியது. கராஜில் காட்டினால், பொனட்டைத் திறந்த கையோடு "எயார் ஃப்ளோ சென்சர் போயிட்டு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். எஞ்சினுக்குள் போகிற காற்றை அளக்கிற சாமானாம் அது. சொன்ன விலை என் சம்பளத்தில் பாதிக்கு மேல். இன்னொரு இடத்தில் கேட்டேன், "அதுக்கு எதுக்கு புதுசு, ஸ்பிரே அடிச்சாச் சரி" என்கிறார்கள்.

எனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், பயமில்லை. நானே கழற்றிக் கழுவலாமா? அதற்கென்று தனி ஸ்பிரே வேண்டுமாமே, மட்டக்களப்பில் எங்கே எடுப்பது? வீட்டில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் இருக்கிறது, அது சரிவருமா? கழுவுவதற்கு முன்பே பிழை சென்சரில்தான் என்று அறிய வழி உண்டா?

கல்முனை மச்சான் எழுதியது:

டீச்சர், ஒன்றும் யோசிக்காதீர்கள். காப் கிளீனர், அதுதான் காபரேட்டர் கழுவுகிற ஸ்பிரே, ஒரு டின் வாங்கி நல்லா அடித்து, கொம்பிரசரால் ஊதிவிட்டுப் பூட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், வண்டி ஓடுகிறது.

வாவிக்கரை எழுதியது:

இதைப் பார்த்துவிட்டு நானும் என் ஆல்டோ 800 இல் அந்த சென்சரைத் தேடினேன். எயார் பில்டர் பெட்டியில் இருந்து எஞ்சின் வரைக்கும் கையை விட்டுத் தடவிவிட்டேன், இல்லை. யாராவது கழற்றி விற்றுவிட்டார்களோ?

சம்மாந்துறை காக்கா எழுதியது:

தங்கச்சி, கராஜ்காரர் சொன்னது பிழை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பி0171 என்ற கோட் "சென்சர் போயிட்டு" என்று சொல்வதில்லை. எஞ்சினுக்குள் போகிற காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். சென்சர் காற்றைக் குறைத்துக் காட்டினாலும் அது வரும். சென்சரைத் தாண்டி வேறு ஓட்டையால் கள்ளக் காற்று உள்ளே போனாலும் வரும். பெற்றோல் பம்ப் சோர்ந்தாலும் வரும், இன்ஜெக்டர் அடைத்தாலும் வரும். சென்சரின் வயரிங் அறுந்தாலோ சென்சர் அடியோடு செத்தாலோ வருவது பி0102, பி0103 மாதிரியான கோட். உங்களுக்கு அது வரவில்லை. ஆகவே கையைக் காசுப்பையில் வைக்க முன் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்.

அந்த சென்சர் செய்கிற வேலை சின்னது. உள்ளே ஒரு மெல்லிய பிளாட்டினக் கம்பி, அதைக் கரண்டால் சூடாக்கி வைத்திருக்கிறது. காற்று பட்டால் கம்பி ஆறும், கோப்பைத் தேத்தண்ணியை ஊதினால் ஆறுகிற கணக்குத்தான். ஆறவிடாமல் அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு கரண்ட் கூடத் தேவைப்பட்டதோ, அதை வைத்து செக்கனுக்கு எத்தனை கிராம் காற்றுப் போகிறது என்று கம்பியூட்டர் கணக்கெடுக்கிறது. பெற்றோலை அளந்து விடுவது அந்தக் கணக்கை நம்பித்தான். கம்பிக்கு மேல் தூசும் ஒயில் ஆவியும் சேர்ந்து ஒரு போர்வை கட்டிவிட்டால் காற்று வேகமாகப் போகும்போதும் கம்பி ஆறாது. "காற்றுக் குறைவு" என்று பொய்த் தகவல் போகும், பெற்றோலும் குறையும். நீங்கள் காலை மிதித்ததும் வண்டி யோசிப்பது அதனால் இருக்கலாம்.

உறுதியாக அறிய வழி உங்கள் தம்பியின் ஸ்கானரிலேயே இருக்கிறது. கோட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிற சாமான் இல்லை அது. எஞ்சின் நல்லாச் சூடான பிறகு, ஏசியை நிறுத்தி, லைவ் டேட்டாவில் மூன்று இலக்கங்களைப் பாருங்கள்: எம்.ஏ.எஃப் (அந்த சென்சர் சொல்கிற காற்றின் அளவு), ஷோர்ட் ட்ரிம் (இந்தக் கணத்துக்கு உரியது), லோங் ட்ரிம் (ஓடி ஓடிச் சேர்ந்தது). சும்மா நிற்கும்போது எம்.ஏ.எஃப் எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக எஞ்சின் எத்தனை லீற்றரோ ஏறக்குறைய அத்தனை கிராம், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். உங்களுடையதில் 2 ஐச் சுற்றி நின்றால் பரவாயில்லை. ட்ரிம் என்பது கம்பியூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது. கூட்டலோ கழித்தலோ ஐந்தாறுக்குள் இருந்தால் நல்லது. 10 ஐத் தாண்டினால் பார்க்க வேண்டும்.

இதில் முக்கியமான இடம் ஒன்று. சும்மா நிற்கும்போது ஒருதரமும், நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ரேஸ் பண்ணிப் பிடித்துக்கொண்டு ஒருதரமும் பாருங்கள். நிற்கும்போது ட்ரிம் மிகக் கூடி, ரேஸ் பண்ணினால் நன்றாக இறங்கினால் அது சென்சர் இல்லை, த்ரொட்டிலுக்கு, அதாவது காலை மிதித்தால் திறக்கிற காற்றுக் கதவுக்குப் பின்னால் எங்கோ கள்ளக் காற்று. ரேஸ் பண்ணும்போதும் றோட்டில் இழுக்கும்போதும் இறங்காமல் அப்படியே நின்றாலோ கூடினாலோ, அழுக்கு சென்சர் அல்லது பெற்றோல் அழுத்தம் குறைவு. சென்சரைக் கழுவிப் பார்ப்பது இதில் செலவு குறைந்தது, அதனால் அதில் தொடங்கலாம்.

இனிக் கழுவுகிற கதை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவியை எடுத்துவிடுங்கள். எயார் பில்டர் பெட்டியின் மூடியில், கறுத்த ரப்பர் குழாய் தொடங்குகிற இடத்துக்கு முன்னால் ஐந்து வயர் போகிற ஒரு பிளக் இருக்கும். அதன் நாக்கை அமர்த்திப் பிடித்துப் பிளக்கை இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு ஸ்டார் ஸ்குரூ. அவை இறுகிப்போய் இருக்கும், அளவான முனை இல்லாத டிரைவரைப் போட்டுத் திருப்பினால் தலை வழுக்கிவிடும். சென்சரை நேரே மேலே தூக்குங்கள். அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது பெட்டிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டையை ஒரு சுத்தமான துணியால் மூடிவையுங்கள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், காற்றுப் போகிற சின்ன வாய்க்குள் ஊசித் தடிப்பில் இரண்டு சிறு உருளைகள் தெரியும். நான் சொன்ன கம்பி அதில்தான் இருக்கிறது, கழுவ வேண்டியது அதை. வெளியே தனியாகத் தொங்குகிற சின்ன மணி உள்ளே வருகிற காற்றின் சூட்டை அளக்கிறது, அதையும் கழுவலாம். ஒன்றையும் கையால் தொடக் கூடாது. பஞ்சுக் குச்சி, பிரஷ், துணி எதுவும் வேண்டாம். பிளக் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, ஒரு சாண் தூரத்தில் இருந்து விட்டு விட்டு அடியுங்கள். வடிகிற ஸ்பிரேயோடு அழுக்குத் தானாக இறங்கும். பிறகு நிழலில் வையுங்கள். கொம்பிரசர், ஹெயார் டிரையர், வாயால் ஊதுவது எல்லாம் தேவையில்லை. இருபது நிமிடம், அரை மணித்தியாலம் போகட்டும். ஸ்பிரே எரிகிற சாமான், அதனால் சமையலறையில் வைத்துச் செய்யாதீர்கள். ஈரத்தோடு பூட்டி ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. பூட்டும்போது ஸ்குரூவை இறுக்கு இறுக்கென்று இறுக்காதீர்கள், பிளாஸ்டிக்.

ஸ்பிரே: டின்னில் "மாஸ் எயார் ஃப்ளோ சென்சர் கிளீனர்" என்று போட்டிருக்க வேண்டும். சிஆர்சி டின் நல்லது, வேறு கம்பனிகளும் செய்கிறார்கள். திருமலை வீதிப் பக்கம் மோட்டார் சாமான் கடைகளில் கேளுங்கள், இல்லாவிட்டால் கல்முனையில். அங்கேயும் இல்லையென்றால் கொழும்பு போகிற யாரிடமாவது சொல்லிப் பஞ்சிகாவத்தையில் எடுக்கலாம். காய்ந்த பிறகு எண்ணெய்ப் பசை வைக்காமல் போவதும் பிளாஸ்டிக்கைத் தின்னாததும்தான் இதன் குணம். சாதாரண டபிள்யூ.டி. 40 ஐ மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள், அது பசையை விட்டுவிட்டுத்தான் போகும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் வேண்டாம். பிரிட்டிஷ் முறைப்படி செய்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆமணக்கெண்ணெய் சேர்ப்பார்கள். கம்பிக்கு அந்த இதம் தேவையில்லை. சுத்தமான 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் கிடைத்தால் அவசரத்துக்குப் பாவிக்கலாம்.

கல்முனைத் தம்பி, கோபிக்க வேண்டாம். காப் கிளீனர் த்ரொட்டில் பொடியின் கரிக்கு, அங்கே அடியுங்கள். அதில் இருக்கிற கரைப்பான் சென்சரின் பிளாஸ்டிக்கையும் உள்ளே ஒட்டியிருக்கிற பசையையும் பதம் பார்க்கும். கொம்பிரசர் காற்று அந்த மெல்லிய கம்பியை அறுத்துவிடும். உங்களுடையது தப்பியது உங்கள் நல்ல காலம்.

வாவிக்கரை, உங்கள் ஆல்டோவில் யாரும் திருடவில்லை. அதில் எயார் ஃப்ளோ சென்சரே கிடையாது, மெனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடுகிற குழாயில் உள்ள அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்குப் போடுகிற மெப் சென்சர்தான் இருக்கிறது. பெட்டியைப் பழையபடி பூட்டுங்கள்.

ஏறாவூர் இளசு எழுதியது:

காக்கா, கழுவிப் பாவிக்கிற எண்ணெய் பூசிய பஞ்சு பில்டர் ஒன்று போட்டிருக்கிறேன். பிக்அப் கூடும் என்றார்கள். அதனாலும் சென்சர் அழுக்காகுமா?

சம்மாந்துறை காக்கா எழுதியது:

எண்ணெயை அளவுக்கு மேல் பூசினால் ஆகும். கழுவிக் காயவைத்து, மெல்லிதாகப் பூசி, ஒரு இரவு ஊறவிட்டுப் போட்டால் பெரிதாகப் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு? நம்ம பக்கத்துத் தூசுக்கு, நல்ல கம்பனியின் கடதாசி பில்டரை வேளைக்கு வேளை மாற்றுவதைத்தான் நான் சொல்வேன். வீட்டுக் காருக்கு அந்தப் பிக்அப் தெரியவும் தெரியாது.

கல்லடி டீச்சர் எழுதியது:

நானா, மிக்க நன்றி. ஸ்பிரே டவுனிலேயே கிடைத்தது. சொன்னபடி முதலில் இலக்கங்களை எழுதிக்கொண்டோம். சும்மா நிற்கும்போது லோங் ட்ரிம் 24, 2500 இல் 18. எம்.ஏ.எஃப் 1.6.

கழற்றிக் கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். அந்த இரண்டு உருளைகளில் காற்று வந்து படுகிற பக்கம் மட்டும் மண்ணிறமாக ஒரு படை. ஒன்றில் தலைமயிரைவிட மெல்லிய ஒரு நார் குறுக்கே ஒட்டியிருந்தது. பின்பக்கம் பளபளவென்று இருந்தது. ஸ்பிரே அடிக்க அடிக்க முதலில் தேத்தண்ணி நிறத்தில் வடிந்து, பிறகு தெளிந்தது. நார் மட்டும் போகமாட்டேன் என்று நின்று, கடைசியில் விழுந்தது.

பூட்டி ஓடிப் பார்த்தால் இழுவையில் நல்ல வித்தியாசம். மண்முனைப் பாலத்து ஏற்றத்தில் தெரிந்தது. தம்பி கோட்டை அழித்துவிட்டான். ஆனால் ஏசியோடு நின்றால் நடுக்கம் இன்னும் இருக்கிறது. இப்போது ட்ரிம் 2500 இல் 4, சும்மா நிற்கும்போது 17. எம்.ஏ.எஃப் 1.9. திரும்பவும் கழுவ வேண்டுமா?

இன்னொன்று. பில்டர் பெட்டியைத் திறந்தபோது சுத்தமான பக்கத்திலும் மஞ்சள் தூளும் நெல்லுச் சுணையும் கிடந்தன. பில்டர் போட்டு அதிக நாள் ஆகவில்லை.

சம்மாந்துறை காக்கா எழுதியது:

இன்னொரு தரம் கழுவ வேண்டாம். சென்சர் தன் கணக்கைத் திருத்திக்கொண்டுவிட்டது, 2500 இல் 18 இருந்தது 4 க்கு இறங்கியதே அதற்குச் சாட்சி. உங்கள் வண்டியில் இரண்டு வருத்தம் இருந்திருக்கிறது, ஒன்று போய்விட்டது. நிற்கும்போது மட்டும் 17 என்றால் கள்ளக் காற்று. சும்மா நிற்கிற நேரம் எஞ்சின் குடிக்கிற காற்றே கொஞ்சம், அதில் சின்ன ஓட்டையால் வருவதும் பெரிய பங்கு. ரேஸ் பண்ணினால் நல்ல காற்று நிறையப் போகும், கள்ளக் காற்று அதில் அடிபட்டுப்போகும்.

உங்கள் 1என்இசட் எஞ்சினில் நான் முதலில் கை வைப்பது எஞ்சினுக்குள் சேர்கிற ஒயில் ஆவியை வெளியே எடுக்கிற பி.சி.வி. வால்வில் இருந்து மெனிஃபோல்டுக்குப் போகிற சின்ன ரப்பர் ஹோஸில்தான். எஞ்சின் சூட்டில் வருடக்கணக்காகக் கிடந்து அது பப்படம் ஆகிவிடும். மேலே பார்த்தால் நல்லாத்தான் இருக்கும், வெடிப்பு வளைவின் அடிப்பக்கத்தில். எஞ்சின் ஓடும்போது காதைக் கிட்டக் கொண்டுபோனால் "ஸ்ஸ்" என்று கேட்கலாம். மின்விசிறி, பெல்ட் பக்கம் சால்வை, தலைமுடி கவனம். மெனிஃபோல்டுக்குக் கிட்ட அந்த ஹோஸை குறடால் மெதுவாக நசுக்கிப் பாருங்கள். எஞ்சினின் சத்தம் மாறி நடுக்கம் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். அது இல்லையென்றால் பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸ், அதற்குப் பிறகு மெனிஃபோல்ட் கஸ்கட். ஹோஸ் மாற்றும்போது தண்ணிக்குப் போடுகிற ஹோஸைப் போடாமல், ஒயில் ஆவிக்குத் தாங்குகிற, அதே வளைவு உள்ள ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். நேரான குழாயை வளைத்துப் போட்டால் மடிந்து அடைத்துக்கொள்ளும்.

இனி அந்த நெல்லுச் சுணை. எனக்கு உங்கள் கதையில் இதுதான் பெரிய விடயம். சுத்தமான பக்கத்தில் சுணை கிடந்தால் பில்டர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். பில்டரின் கடதாசியால் அது வராது, ஓரத்தால்தான் வரும். மலிவு பில்டர்களில் ஓர ரப்பர் மெல்லிதாகவோ ஒரு பக்கம் குட்டையாகவோ இருக்கும், பெட்டியை மூடினால் அமராது. இல்லையென்றால் பெட்டியின் கம்பிக் கிளிப் ஒன்று உடைந்திருக்கும், அல்லது மூடியின் அடிப்பக்க நாக்குகள் தங்கள் துளையில் ஏறாமல் மூடப்பட்டிருக்கும். சர்வீஸ் பண்ணுகிற பொடியன்கள் அவசரத்தில் செய்கிற வேலை. புது பில்டரைப் போட்டு மூடிய பிறகு சுற்றிவர விரலால் தடவிப் பாருங்கள், ஒரு இடமாவது வாய் பிளந்திருக்கும். பெட்டியின் உட்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அந்தத் தூசு சென்சரோடு நிற்பதில்லை, எஞ்சினுக்குள் போய் ரிங்கையும் சிலிண்டரையும் அராவும். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்த பிறகும் விலையைப் பார்த்தீர்கள்தானே. இருக்கிற எஞ்சினைத்தான் காப்பாற்ற வேண்டும்.

வெட்டுக் காலம் முடிந்த கையோடு ஒருதரம், கச்சான் காற்று அடித்து ஓய்ந்த பிறகு ஒருதரம் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீற்றர் கணக்கு நல்ல றோட்டுக்கு எழுதியது. சென்சரை அப்படிக் காலத்துக்குக் காலம் கழுவ வேண்டியதில்லை. பில்டர் அமர்ந்து இருந்தால் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், சும்மா சும்மா கழற்றினால் பிளக்கின் நாக்குத்தான் உடையும்.

கல்முனை மச்சான் எழுதியது:

சரி காக்கா, கொம்பிரசரை இனிப் பாவிக்கமாட்டேன். புது சென்சர் வாங்குகிறதாக இருந்தால் டென்சோ என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்பலாமா? பாதி விலைக்கும் ஒன்று விற்கிறார்கள்.

சம்மாந்துறை காக்கா எழுதியது:

பெட்டியில் யாரும் எதையும் அச்சடிக்கலாம் தம்பி. பாதி விலை என்றால் எனக்கு அங்கேயே சந்தேகம். அந்தப் போலிகள் பூட்டியதும் வேலை செய்யும், லைட்டும் போகும், ஆனால் கிராம் கணக்கு ஒத்துவராது, ட்ரிம் தாறுமாறாக நிற்கும். என் கையில் இருந்தால், ஜப்பானில் இருந்து வந்த வண்டியில் கழற்றிய பழைய ஒறிஜினலை, அதில் பொறித்திருக்கிற உதிரிப்பாக இலக்கத்தைப் பழையதோடு ஒப்பிட்டு எடுத்து, கழுவிப் போடுவேன். சரிவராவிட்டால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரரிடம் பேசிக்கொண்டு எடுங்கள்.

கல்லடி டீச்சர் எழுதியது:

நானா, ஹோஸ்தான். குறடால் நசுக்கியதும் நடுக்கம் நின்றது. கழற்றியபோது நீங்கள் சொன்னபடி அடிப்பக்கத்தில் வெடிப்பு, விரலால் அமர்த்த ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. புதுசு போட்டு ஓடிவிட்டுப் பார்த்தால் நிற்கும்போது ட்ரிம் 3, 2500 இல் 2. ஏசியோடு நின்றாலும் ஊசி அசையவில்லை.

பில்டர் பெட்டியில் பின்பக்கக் கிளிப் பிடிக்கவில்லை, அதன் கொக்கி நிமிர்ந்து கிடக்கிறது. அதைக் குறடால் வளைத்தால் போதுமா, கிளிப் தனியாக விற்பார்களா?

சம்மாந்துறை காக்கா எழுதியது:

வளைத்துப் பாருங்கள், ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். தனியாக விற்பது அருமை. பழைய சாமான் கடையில் உடைந்த பெட்டி ஒன்று கிடந்தால் அதில் இருந்து கிளிப்பை மட்டும் கேளுங்கள், பெரும்பாலும் காசு வாங்கமாட்டார்கள். அது கிடைக்கும் மட்டும் பெட்டியைச் சுற்றி ஒரு கேபிள் டையை இறுக்கி விடுங்கள், கிரவல் றோட்டுக்கு அது தாங்கும்.